பத்தியம் எத்தனை நாள்?

கோட்டக்கல்லில் கர்க்கடக மழை விடாமல் பெய்கிறது. நம் கணக்கில் ஆடி மாதம். மலப்புறம் மாவட்டத்தின் இந்த ஊரில் பேருந்தை விட்டு இறங்கும்போதே, எங்கோ மூலிகை கொதிக்கிற வாசனை ஈரக்காற்றோடு வந்து சேர்கிறது. மருந்துக் கடை வாசல்களில் கர்க்கடகக் கஞ்சிப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழை மாதத்தில் உடம்பு சிகிச்சையை நன்றாக ஏற்கும் என்பது மலையாளிகளின் நெடுநாள் நம்பிக்கை. வயலில் வேலை குறைவான மாதம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துக் கிடக்க விவசாயிக்கு வேறு மாதம் ஏது?

மாமாவின் சிகிச்சைக்குத் துணையாக வந்த எனக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை. பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிறிய வைத்தியசாலை. அடுத்தடுத்த இரண்டு மூன்று பேரை வைத்தியர் அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒருவருடைய நோய் இன்னொருவருக்குக் கதை. யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

வைத்தியர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வெளிர் நிறக் கைத்தறிப் புடவை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சுவரில் பி.ஏ.எம்.எஸ். பட்டம். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. உடற்கூறும் அதில் உண்டு. மேசையில் ரத்த அழுத்தக் கருவி, அதன் பக்கத்தில் அட்டை நைந்த அஷ்டாங்க ஹ்ருதயம். சரகரும் சுசுருதரும் நூலாசிரியர்களில் மூத்தவர்கள்தான். ஆனால் கேரளத்து வைத்தியர்களுக்கு வாக்படர்தான் வீட்டுப் பெரியவர். ஏழாம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அவருடைய நூலில் 120 அத்தியாயங்கள். உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை, நஞ்சு முறிவு என்று ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவர். நாற்காலியில் உட்காரும் முன்பே முழங்காலைக் காட்டுகிறார். வைத்தியர் முழங்காலைப் பார்க்கவில்லை.

“பசி எப்படி அம்மா? நேரத்துக்கு எடுக்குமா?”

“பசிக்கென்னங்க, முட்டிதான் டாக்டரம்மா...”

“வயிறு காலையில ஒழுங்காப் போகுமா? தாகம் உண்டா? குளிக்கிறது சூடுவெள்ளமா, பச்சைவெள்ளமா?”

அந்த அம்மாவின் முகத்தில் சலிப்பு தெரிகிறது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது வயிற்றைப் பற்றிப் பேசவா? வைத்தியர் விடுவதாக இல்லை. நாக்கை நீட்டச் சொல்கிறார். நாடி பிடிக்கிறார். எத்தனை மணிக்குப் படுக்கை, எத்தனை மணிக்கு எழுவது, ராத்திரிச் சாப்பாடு சூடாகவா ஆறியதா என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் விஷயம் வெளியே வருகிறது. விடியற்காலையும் சாயங்காலமும் மாட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறவர் அவர். வேறு ஆள் கிடையாது. அப்புறம்தான் வைத்தியர் எழுந்து வந்து இரண்டு முழங்கால்களையும் அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்க்கிறார். எழுதிய சீட்டை வாசித்துக் காட்டும்போது முதலில் வருவது கஷாயமல்ல. பால் கறக்க ஒரு உயரமான முக்காலி.

வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் சேர்ந்து உடலை நடத்துகின்றன, அவற்றின் சமநிலை கலையும்போது நோய் வருகிறது என்பது ஆயுர்வேதத்தின் அடித்தளம். தமிழருக்கு இது புதிதல்ல. சித்த மருத்துவம் பேசுவதும் இந்த மூன்றைத்தான். திருக்குறளின் மருந்து அதிகாரமும் மூன்றைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இன்றைய உடலியல் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் கபத்தை அளந்து தர மாட்டார்கள். ஆனால் அந்த மூன்றைத் தேடுவதற்காகக் கேட்கப்படும் கேள்விகள் இருக்கின்றனவே, அவை ஒரு மனுஷியின் முழு நாளையும் வெளியே எடுத்துப் போட்டுவிடுகின்றன. முட்டி வலிக்கு மாடு காரணம் என்பது எக்ஸ்ரேயில் தெரியாது.

அடுத்து வருகிறவர் முதுகில் லேப்டாப் பையோடு வந்த இளைஞர். பையைக் கழற்றும்போதே முகத்தைச் சுளிக்கிறார். வைத்தியர் எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கிழி என்ற மூலிகை மூட்டை ஒத்தடம், அப்புறம் வஸ்தி என்ற எனிமா. 14 நாள் தங்க வேண்டும் என்கிறார்.

“பதினாலா? லீவு கிடைக்காது மேடம். ஏழுல முடிச்சுடலாமா?”

“பதினாலு முடிஞ்சு வீட்டுக்குப் போயி இன்னும் பதினாலு நாள் நல்லிரிக்கை.”

“அப்படின்னா?”

நல்லிரிக்கை என்றால் சும்மா இருப்பது. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் பயணம் கூடாது, பகல் தூக்கம் கூடாது, கண் விழிக்கக் கூடாது, எளிய சாப்பாடு. இளைஞர் மனக்கணக்குப் போடுகிறார். “வொர்க் ஃப்ரம் ஹோம்தான் மேடம். படுத்துக்கிட்டே வேலை பார்த்தா நல்லிரிக்கைதானே?” பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. பேரம் பத்து நாளில் படிகிறது. இது சாஸ்திரத்தில் இல்லாத பத்து என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாமவரிடம்தான் வைத்தியரின் குரல் மாறுகிறது. சர்க்கரை நோயாளி. யாரோ சொன்னார்கள் என்று தபாலில் வரவழைத்த ஒரு பஸ்பத்தைப் பல மாதமாகச் சாப்பிடுகிறாராம். கருஞ்சாம்பல் நிறப் பொடி. பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை. வைத்தியர் அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வைக்கிறார். “இது இனி வேண்டாம். முதல்ல ரத்தத்துல கிரியேட்டினின் பாருங்க, ஈயமும் பாருங்க.” நோயாளிக்குக் கோபம். ஆயுர்வேதத்தில் பக்கவிளைவு இல்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

எல்லோரும் சொல்வது தவறு. உலோகங்களையும் தாதுக்களையும் மருந்தாக்கும் ரசசாஸ்திரத்தில் பாதரசமும் கந்தகமும் ஈயமும் மருந்துகள். அவற்றைச் சுத்தி செய்யும் முறைகள் பக்கம் பக்கமாக நூல்களில் இருக்கின்றன. முறை தெரியாதவர் செய்தாலும் பொட்டலம் அதே நிறத்தில்தான் இருக்கும். 2004-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது. வருத்தப்படுகிறவர்கள் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளலாம். சர்ப்பகந்தா என்ற செடியைப் பற்றிக் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931-இல் எழுதினார்கள். ரத்த அழுத்தத்துக்கு அது கேட்கிறது என்று பம்பாயின் ருஸ்தம் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் காட்டினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. சோதனைக்கு உட்பட்டபோது இந்த மருத்துவத்துக்குப் பெருமையும் வந்திருக்கிறது, சங்கடமும் வந்திருக்கிறது. சோதனை வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாமாவைப் பிழிச்சிலுக்கு அழைத்துப் போகிறார்கள். துணை ஆள் வாசலோரம் உட்காரலாம்.

ஒரே மரத்தில் குடைந்த நீளமான தோணி. அதில் மாமா கௌபீனத்தோடு கிடக்கிறார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஊரில் சட்டையில்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். வெதுவெதுப்பான தைலத்தில் துணியை முக்கி, கட்டைவிரல் வழியே நூலாக வழியும்படி பிழிகிறார்கள். இன்னொரு கை அதன் பின்னாலேயே நீவிக்கொண்டு போகிறது. நான்கு பேருக்கும் ஒரே தாளம். ஒருவர் தோளில் தொடங்கினால் எதிரில் நிற்பவரும் தோளில். இடுப்புக்கு வந்தால் அவரும் இடுப்பில். தைலத்தின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்க்கிறார்கள். வடிந்த தைலம் தோணியின் ஓட்டை வழியே இறங்கி, பாத்திரத்தில் சேர்ந்து, மறுபடி அடுப்புக்குப் போய்த் திரும்பி வருகிறது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இது நடக்கிறது. யாரும் பேசுவதில்லை. அந்த நால்வரில் மூத்தவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார். நாள் முழுவதும் குனிந்து நின்று பிறர் முதுகை நீவியதற்குக் கிடைத்தது அது. அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்போது, இளையவர் ஒருவர் கண்ணைச் சிமிட்டிக் கேட்கிறார்: “குறுந்தோட்டிக்கும் வாதமோ?” வாதத்துக்கு மருந்தான செடிக்கே வாதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் மலையாளப் பழமொழி. நால்வரும் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். தோணியில் கிடக்கும் தலைமை ஆசிரியருக்குப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொள்கிறார்.

சிகிச்சைப் பட்டியலில் வைத்தியரின் பெயர்தான் இருக்கும். உழைப்பு இந்த நான்கு பேருடையது. ஆயுர்வேதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முனிவர்களில் தொடங்கி முனிவர்களிலேயே முடித்துவிடுவதால் இவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

பின்கட்டில் அந்தக் குறுந்தோட்டிதான் வேகிறது. நல்லெண்ணெய் ஒரு பங்கு என்றால் கஷாயமும் பாலுமாகத் திரவம் பல பங்கு. அரைத்த விழுது கால் பங்கு. நீண்ட மரத்துடுப்பால் ஒருவர் கிளறிக்கொண்டே இருக்கிறார். அடியில் பிடித்தால் எல்லாம் வீண். அவ்வப்போது கொஞ்சம் விழுதை எடுத்து விரலில் திரி போல் உருட்டி நெருப்பில் காட்டுகிறார். படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். கடைகளில் க்ஷீரபலா 101 என்று ஒரு தைலம் கேட்டிருப்பீர்கள். இதே காய்ச்சலை 101 முறை திரும்பச் செய்வதைக் குறிக்கும் எண் அது. அது சிறிய குப்பிகளில் விற்கப்படுவதன் காரணம் இந்த அடுப்படியில் நின்றால் விளங்கும்.

மருந்து வாங்கும் ஜன்னலில் கூட்டம். பொள்ளாச்சி அம்மா கஷாய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: “இதே மாத்திரையாக் கிடைக்குமுங்களா? கசக்குமே.” கிடைக்கும். 15 மில்லி கஷாயத்தை 60 மில்லி வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கும் சிரமம்கூட இப்போது இல்லை.

இந்த பாட்டிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு, அது இந்த ஊரில்தான் நடந்தது. 1902-இல் பி.எஸ். வாரியர் இங்கே ஆர்ய வைத்தியசாலையைத் தொடங்கும் வரை கேரளத்தில் வைத்தியர் எழுதித் தருவது பெரும்பாலும் மூலிகைப் பட்டியல்தான். வேரையும் பட்டையையும் தேடிப் பிடித்து, இடித்து, எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சுவது வீட்டார் வேலை. அஷ்டவைத்தியர் என்ற கேரளத்துப் பாரம்பரிய வைத்தியக் குடும்பங்களின் மரபில் பயின்ற வாரியர், தம் கண் நோய்க்காக ஆங்கில வைத்தியம் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் போய், அவரிடமே அந்த வைத்தியத்தையும் கற்றவர். மருந்தைத் தயாராகச் செய்து விற்பது என்பதை அங்கே பார்த்திருப்பார். ஆயுர்வேதத்திலும் அதைப் பெரிய அளவில் செய்தார். 1917-இல் பாடசாலை, 1924-இல் தர்ம ஆஸ்பத்திரி, 1939-இல் ஒரு கதகளிக் குழு என்று அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. பின்னால் பல பத்தாண்டுகள் நிறுவனத்தை நடத்திய அவருடைய சகோதரி வழி மருமகன் பி.கே. வாரியர், 2021-இல் நூறு வயதைக் கண்டபின் காலமானார்.

பாட்டில் வராமல் போயிருந்தால் பட்டணத்து மனிதர்களிடம் இந்த வைத்தியம் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டில் வந்ததும் இன்னொன்றும் நடந்தது. கடையில் மருந்து கிடைக்கிறது. மீதி வைத்தியம் கிடைப்பதில்லை. அறைக்குள் பேசப்பட்ட பசி, தூக்கம், முக்காலி, நல்லிரிக்கை எல்லாம் ஜன்னலுக்கு வருவதற்குள் ஒவ்வொன்றாகக் கழன்று, பையில் இரண்டு பாட்டிலும் ஒரு லேகியமும் மட்டும் மிஞ்சுகின்றன. முழு உடம்பையும் பார்க்கிற மருத்துவம் என்று பெருமையாகப் பேசுகிறோம். நம்மில் பலருக்கு அதில் வேண்டியது கசக்காத மாத்திரையும் ஒரு மணி நேர மசாஜும்தான். குறை மருத்துவத்தின் மேல் மட்டும் இல்லை.

பார்த்தவரைக்கும் என் முடிவு இது. மூட்டு, முதுகு, செரிமானம், தூக்கம் போன்ற நாள்பட்ட தொல்லைகளுக்கு, நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் தகுதியுள்ள வைத்தியரிடம் தாராளமாகப் போகலாம். மாரடைப்புக்கும் எலும்பு முறிவுக்கும் கடும் காய்ச்சலுக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்த வைத்தியரே அதைத்தான் சொல்கிறார். வைத்தியரிடம் போகும்போது ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் சீட்டைக் கொண்டு போங்கள். இன்சுலினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். பத்தியம் எத்தனை நாள் என்று முதலிலேயே கேளுங்கள். அத்தனை நாளும் இருக்க முடியுமென்றால் மட்டும் பணம் கட்டுங்கள்.