தரங்கம்பாடியில் அப்பாவுடன்

பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ‘பிரஸ்’ என்று மட்டும் சொல்வேன். பத்திரிகைக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை. அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 31 வருஷம் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பில் புக் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவர் கை வழியாகத்தான் போயின. நகக்கண்ணில் இருந்த மை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. ஆஃப்செட் வந்து அச்சகம் படுத்தபோது ட்ரெடில் மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். ஈய எழுத்துகளையும் கிலோ கணக்கில் நிறுத்துத்தான் கொடுத்தார்கள். அன்று அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

போன மார்கழியில் தரங்கம்பாடி போகலாம் என்று முடிவு செய்தபோது, துணைக்கு வாங்கப்பா என்று சும்மாதான் கூப்பிட்டேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார்.

மயிலாடுதுறையில் பஸ் மாறி, பொறையாறு தாண்டி இறங்கினால், 1792இல் திரும்பக் கட்டிய வெள்ளை நிற ஊர்வாசல். அதைக் கடந்தால் ராஜவீதி நேராகக் கடலைப் பார்த்து ஓடுகிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். அவர்கள் கடலோரம் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஊரைச் சுற்றியும் மதில் எழும்பியது. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. வாசல் மட்டும், வீடு போன பிறகும் நிற்கும் நிலைப்படி மாதிரி நிற்கிறது.

நாங்கள் தேடிப் போனது கோட்டையை அல்ல, சீகன்பால்கு குடியிருந்த வீட்டை. 2017இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கியபோது அவருக்கு இன்னும் 24 வயது நிறையவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். டேனிஷ் அரசனே அனுப்பிய ஆள்தான் என்றாலும் உள்ளூர் டேனிஷ் அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. நாலு மாதம் கோட்டைக்குள் சிறை வைத்தார்கள். 1719இல் செத்துப்போனபோது வயது 36.

மதம் பரப்ப வந்தவர்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பி ஏடுகள் வாங்கினார். 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் போட்டார். நம் சாமிகளைப் பற்றி 1713இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி ஜெர்மனியிலுள்ள ஹல்லேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கு அல்ல என்கிற மாதிரி அங்கிருந்து பதில் வந்தது. அந்தப் புத்தகம் 1867இல்தான் அச்சேறியது. இந்த வீட்டில் எனக்குப் பிடித்த கதை இதுதான்.

நான் பலகைகளைப் படித்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை. பழைய மாதிரியில் செய்து வைத்திருந்த மர அச்சு இயந்திரத்தின் முன்னால், கோயிலில் நிற்பதுபோல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

தமிழ் முதன்முதலில் அச்சேறியது இங்கே இல்லை, 1578லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வந்துவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். இங்கே பயன்படுத்திய முதல் தமிழ் எழுத்துகளை ஹல்லேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை ரொம்பப் பெரிசாக இருந்ததால் திரும்பவும் இங்கேயே சின்னதாக வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள்.

“பின்ன? பாயிண்ட் பெருசானா பேப்பரைத் தின்னுடுமே” என்றார் அப்பா, ஏதோ போன வாரம் நடந்த விஷயம்போல.

பழைய அச்சுப் பக்கம் ஒன்றின் நகலைக் காட்டினேன். அவரால் சரளமாக வாசிக்க முடியவில்லை. ஒற்றைக் கொம்பையே குறிலுக்கும் நெடிலுக்கும் போட்டிருந்தார்கள். இரட்டைக் கொம்பு வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்ப நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். கொம்பு வச்ச லை, னை எல்லாம் ஒரே நாள்ல சும்மாப் போச்சு. கை மட்டும் அந்தக் கட்டத்துக்கே போகும். மொதலாளி திட்டுவார்.”

1978. பள்ளிக்கூடத்தில் அதை ஓர் அரசாணை என்று படித்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் கையில் அது நடந்திருக்கிறது என்று தெரியாது.

பிறகு அவர் கேட்டார்: “கோத்தவன் யாருன்னு போட்டிருக்காடா?”

நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஹல்லேயின் பெயர் இருந்தது, சீகன்பால்குவின் பெயர் எங்கும் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்த தமிழ்க் கை யாருடையது என்று நான் படித்த பலகைகளில் காணவில்லை. இல்லப்பா என்றேன்.

“போடமாட்டாங்க. நாங்க கோத்ததுலயும் கடைசிப் பக்கத்துல பிரஸ் பேரு மட்டும்தான் இருக்கும்.”

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பலகையில் இல்லாத பெயரைப் பற்றிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? பதினைந்து வருஷம் அந்தப் பெயரை ‘பிரஸ்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன் நான்.

வெளியே வரும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். நான் பெயரும் ஊரும் எழுதினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார். பெயர், ஊர், அதற்குப் பக்கத்தில் யாரும் கேட்காமலே ‘கம்பாசிட்டர்’. எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி.

கடற்கரையில் டீ குடிக்கும்போது, ஒரு கேஸில் எத்தனை கட்டம் இருக்கும் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணலில் விரலால் கட்டம் போட ஆரம்பித்தார். கடைசிப் பஸ் போய்விடும் என்று டீக்கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார்.