புளியங்கொட்டைக் கணக்கு

நம்ம சங்கரன்கோவில்காரர்களுக்கு ஆடிச்சுற்று பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆடித்தபசு வந்தால் எங்க ஆச்சி கோவிலை 101 சுற்று சுற்றுவாள். முந்தானையில் 101 புளியங்கொட்டை முடிந்திருக்கும். சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் போடுவாள். கணக்கு தப்பவே தப்பாது.

ஒரு வருஷம் தப்பியது. கையில் கொட்டையோடு கோவில் வாசலில் திகைத்து நின்றாள். “வா ஆச்சி, வீட்டுக்குப் போவோம்” என்றேன். “நீ யாரு வீட்டுப் பிள்ளைல?” என்று கேட்டாள். நான் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். வேணும்னே செய்கிறாள் என்று நினைத்தேன்.

திருநெல்வேலி டாக்டர், “இது வயசு மறதி இல்லை தம்பி, அல்சைமர் நோய்” என்றார். அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

1906-ல் ஜெர்மன் டாக்டர் அல்சைமர், இறந்த நோயாளி ஒருவரின் மூளை நரம்பணுக்களுக்குள் நூல் சிக்கு மாதிரி இருந்ததை எடுத்துச் சொன்னார். அந்தச் சிக்கு ‘டௌ’ என்னும் புரதம். நரம்பணுவின் நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. பிடி விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் வினை!

உயிரோடு இருப்பவரின் தலையைத் திறந்தா பார்க்க முடியும்? முதுகுத்தண்டு நீரிலும் இரத்தத்திலும் கசியும் துளியூண்டு டௌவை அளக்கலாம். நண்பர்களே, இங்கேதான் ஆச்சியின் புளியங்கொட்டை வருகிறது!

எண்ண முடியாத ஒரு கொட்டைக் குவியல். அதில் சுண்ணாம்பு தடவிய 100 கொட்டையைக் கலந்து ஒரு கை அள்ளுங்கள். வெள்ளை ஒன்றுக்குச் சாதாக் கொட்டை ஐந்து வந்தால், குவியலில் இருந்தது ஏறக்குறைய 500.

ஆய்வகத்திலும் இதே கணக்குதான். டௌவை டிரிப்சின் நொதியால் பெப்டைடு என்னும் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். அதே துண்டைச் செயற்கையாகச் செய்து, அதிலுள்ள லைசினில் ஆறு கார்பன்-13, இரண்டு நைட்ரஜன்-15 வைக்கிறார்கள். குணம் ஒன்றே, எடை மட்டும் 8 அலகு கூடுதல். ஐசோடோப் என்றதும் பயப்பட வேண்டாம், இவற்றுக்குக் கதிரியக்கம் கிடையாது. அளவு தெரிந்த இந்தத் துண்டைக் கலந்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டையும் ஒப்பிட்டால் டௌ எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், குறியிட்ட லியூசினை மனிதர்களுக்கே ஏற்றிப் பார்த்தார்கள். மூளையின் டௌவில் பாதி புதுசாக மாற சுமார் 23 நாள் ஆகிறது என்று 2018-ல் வெளியிட்டார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தக் கணக்கெல்லாம் வேண்டும்.

அந்த மெஷினுக்குள் இருப்பது என்ன? வாக்குவம் பம்ப், ஹை வோல்டேஜ், எலக்ட்ரானிக்ஸ்... எல்லாம் நாம் ஒர்க்‌ஷாப்பிலும் லேபிலும் படிக்கிற சங்கதிதான். நம்மில் ஒருவர் அதைப் பழுது பார்க்கும் நாள் வரட்டும்!

போன நினைவைத் திருப்பித் தரும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒன்றையே பத்து தடவை கேட்டால், தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

போன ஆடியில் கொட்டையை நான்தான் எண்ணிப் போட்டேன். முதல் சுற்றுக்கு ஆச்சியும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.