மாமியின் பத்மினிக்கு ஓர் எஞ்சின்

ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்திருக்க வேண்டிய மூன்று வாரங்களை ஒரு பழைய காருக்கு எஞ்சின் தேடுவதில் செலவிட்டேன். என் நெறியாளரும் இப்பதிவைப் படிப்பார் என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது மும்பை மாட்டுங்காவில், எழுபத்து நான்கு வயது மாமி ஒருவர் வீட்டின் பின்னறையில். மாமி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கட்டட வாசலில் நிற்கும் 1974ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி அவருடையது. வாங்கியவர் மறைந்த கணவர். ஓட்டியவர் பெரும்பாலும் மாமிதான். இன்றும் மாதந்தோறும் கிருத்திகைக்குச் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குத் தாமே ஓட்டிச் செல்வார். சென்ற ஆண்டு அப்படித் திரும்பி வருகையில் சயான் சிக்னலில் வெப்பமானி முள் எல்லையைத் தாண்ட, முன்மூடியிலிருந்து நீராவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், எஞ்சின் பிளாக்கில் விரிசல் கண்டிருப்பதாகச் சொன்னார். ஏற்கெனவே பலமுறை போர் செய்து, கடைசி அளவு பிஸ்டன்வரை போய்விட்ட பிளாக் அது. இனிச் செப்பனிட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"நீதான் எப்பப் பார்த்தாலும் படிச்சிண்டே இருக்கியே, எந்த எஞ்சின் போடலாம்னு படிச்சுச் சொல்லு" என்றார் மாமி. மொழியியல் படித்தவனிடம் கேட்கும் கேள்வியா என்று நான் யோசிப்பதற்குள் பணி என்னுடையதாகிவிட்டது.

பத்மினியின் எஞ்சின் 1089 சிசி. நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியின் இந்திய வாரிசு இது. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆலையில் உருவாகி, 1974 முதல் பத்மினி என்ற பெயரில் விற்பனையானது. உற்பத்தி நின்று ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது. இதன் இடத்தில் வேறு எது பொருந்தும் என்று கேட்டால், மும்பையின் ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு விடை உண்டு.

என் மனம் முதலில் சாய்ந்தது நிசானின் ஏ12 எஞ்சினிடம். அதே பிரீமியர் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த 118என்இ காரில் இருந்தது, 1171 சிசி. அளவில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் திறன் 50 குதிரைகளுக்குச் சற்று மேல், ஓட்டம் மென்மையானது. ஒரே நிறுவனத்து வண்டி என்பதால் 'உறவுக்குள்' நடக்கும் மாற்றம் என்று எனக்கு நானே நியாயமும் கற்பித்துக்கொண்டேன். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைச் சிலர் பரிந்துரைத்தனர். அந்தக் காரில் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. பத்மினியோ பின்சக்கர இயக்கம். ஆகவே அதே எஞ்சினை நெடுக்காக வைத்துப் பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் ஆம்னியிலிருந்து எடுக்க வேண்டும் என்று இன்னொருவர் திருத்தினார். பத்மினியின் கடைசிக் காலத்தில் 137டி என்ற டீசல் வடிவம் இருந்ததையும் கேள்விப்பட்டேன். டொரண்டோவில் இருக்கும் மாமியின் மகன், மின்மோட்டார் போட்டுவிடலாம், செலவு தன்னுடையது என்றார். கட்டட வாசலில் ஒரு பிளக் பாயின்ட் கூட இல்லை என்று மாமி அந்த உரையாடலை முடித்துவைத்தார்.

ஏ12ஐ நான் பரிந்துரைத்தபோது, குர்லா சிஎஸ்டி சாலையில் உதிரிபாகக் கடையோடு பட்டறையும் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் சிரித்தார். எஞ்சினை மட்டும் மாற்றுவது என்று ஒன்று கிடையாது என்றார் இந்தியில். ஏ12 தன் கியர்பெட்டியோடு வரும். அதன் கியர் தண்டு தரையில் இருக்கும். எஞ்சின் தாங்கிகளைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். ரேடியேட்டர் போதுமா என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கே உள்ள வண்டிக்குத் திறனைக் கூட்டினால், நிறுத்தும் ஏற்பாட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இடையில் ஒரு தகடு கடைந்து பழைய கியர்பெட்டியையே ஏ12உடன் இணைக்கலாமே என்று, எங்கோ படித்ததை வைத்துக் கேட்டேன். செய்யலாம், ஆனால் இரண்டின் மைய அச்சும் நூலிழை விலகினாலும் பேரிங்கும் கிளட்சும் சில மாதங்களில் தேய்ந்துவிடும் என்றார்.

அப்போதுதான் என் துறை எனக்கு உதவியது. எஞ்சின் மாற்றத்தை ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பதாக நான் கருதியிருந்தேன். உண்மையில் அது வினைச்சொல்லை மாற்றுவது. 'நான் அவனை அறிவேன்' என்ற தொடரில் 'அறி' என்பதை எடுத்துவிட்டுத் 'தெரி' என்பதை வைத்துப் பாருங்கள். 'நான் அவனைத் தெரியும்' என்று சொல்ல முடியாது. 'நான்' போய் 'எனக்கு' வர வேண்டும். வினை தனக்கு வேண்டிய வேற்றுமையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். வினையை மாற்றிய பிறகு எழுவாய் இருந்தபடியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்தத் தொடரில் எழுவாய் மாமி. பத்மினியின் கியர் தண்டு ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. மாமி 1976இல் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றார். வேறு வண்டியை ஓட்டியதே இல்லை. தரையில் கியர் வைத்த வண்டியை ஓட்ட முடியுமா என்று அன்று மாலை கேட்டேன். "கத்துக்கலாம்தான். ஆனா இனிமே கத்துண்டு ஓட்டறதுக்குள்ள என் லைசென்ஸ் தீர்ந்து போயிடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் இரண்டு வாரமாகக் குதிரைத்திறனைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுபவரின் இடக்கையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சட்டமும் குறுக்கே நின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் குறித்ததோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்போடு உறுதிசெய்தது. எரிபொருள் மாற்றத்துக்கான அங்கீகரிக்கப்பட்ட கருவிகளுக்கு இப்பிரிவு வழிவிடுகிறது. அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினை அனுமதியோடு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. வேறு வண்டியின் எஞ்சின் என்றால் பாதை கரடுமுரடு. இதற்கிடையே நண்பர் ஒருவர் 2021இன் பழங்கால வாகன விதிகளை நினைவூட்டினார். ஐம்பது ஆண்டு நிறைந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்குத் தனிப் பதிவெண் கிடைக்கும். பத்மினிக்கும் வயது வந்துவிட்டது. ஆனால் அப்படிப் பதிவுசெய்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. மாமியிடம் சொன்னேன். "ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னா அப்புறம் நம்பர் எதுக்கு?" என்றார். கணித ஆசிரியை.

இத்தனை பேரோடும் பேசியதில் என்னைத் தொடர்ந்து துரத்திய சொல் 'ஒரிஜினல்'. போக்குவரத்து அலுவலகத்தில் அது ஏட்டில் பதிந்த எண். பழங்கால வாகன ஆர்வலர்களுக்கு அது ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலை. குர்லாக் கடைக்காரருக்கோ அது 'டூப்ளிகேட்' என்பதன் எதிர்ச்சொல் மட்டுமே. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய, ஐம்பது ஆண்டுப் புழக்கத்தில் தேய்ந்த பாகமும் கம்பெனி வார்ப்பாக இருந்தால் அவர் வாயில் ஒரிஜினல்தான். முதலில் இதைப் பொருள் நெகிழ்வு என்று குறித்துவைத்தேன். பிறகு, எனக்கு வேண்டிய வரையறை அவருடையதே என்று புரிந்தது.

எனவே இன்னொரு பத்மினியின் எஞ்சினையே தேடுவது என முடிவாயிற்று. மும்பையில் இது எளிது என்று நினைத்தேன். பல்லாண்டுகளாக இந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே பத்மினிதானே. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபரில். டாக்சிகளுக்கான இருபது ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபரில் அதுவும் ஓய்வுபெற்றது. ஆனால் டாக்சி எஞ்சின் வேண்டாம் என்று கடைக்காரரே தடுத்தார். அவற்றில் பல சிஎன்ஜியில் ஓடியவை. பெட்ரோலுக்கு என்று வார்த்த எஞ்சினில் உலர்ந்த வாயு எரிந்துகொண்டே இருந்தால் வால்வு இருக்கைகள் உள்வாங்கிப்போகும். தன் சரக்கு விற்பதைத் தானே தடுக்கும் வணிகரைக் கண்டால் நம்பிவிட வேண்டும் என்பது என் அனுபவம்; நம்பினேன்.

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். விபத்தில் உடல் நசுங்கிய ஒரு தனியார் வண்டியின் எஞ்சின். அழுத்தச் சோதனையில் நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. பிளாக்கில் பொறித்திருந்த எண் தெளிவாக இருந்தது. விற்பனைச் சீட்டும், அது திருட்டு வண்டியுடையது அல்ல என்ற காவல்துறைச் சான்றும் கிடைத்தன. பழைய கியர்பெட்டி, பழைய தாங்கிகள், ஸ்டியரிங் அருகே அதே கியர் தண்டு. ரேடியேட்டரை மட்டும் பிரித்து அடைப்பு நீக்கினார்கள்; பழைய பிளாக் வெடித்ததற்கே அதுதான் காரணம் என்றார் மெக்கானிக்.

மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால் தாள்களோடு அலுவலகத்துக்கும் நானே அலைந்தேன். புதிய எண் சான்றிதழில் ஏறும்வரை வண்டி வாசலிலேயே நின்றது. அந்த மாதக் கிருத்திகைக்கு மாமி டாக்சியில் போனார். அடுத்த மாதம் தாமே ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில். சோக்கை இழுத்து இரண்டு முறை முயன்ற பிறகுதான் எஞ்சின் பிடித்தது. சயான் சிக்னலில் என் கண் வெப்பமானி முள்ளைவிட்டு அகலவில்லை. மாமி அதைப் பார்க்கவே இல்லை. பச்சை விழுந்ததும் இடக்கை தானாக உயர்ந்து கியரை மாற்றியது.

நான்காம் இயல் இன்னும் முடியவில்லை.