எத்தனை தடவை?

உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றதும் நம் மனம் பெரிய காரியங்களுக்கே போகிறது. தை பிறந்தால் ஜிம்மில் சேர்வது, ஒரு மண்டலம் அரிசியைத் தொடாமல் இருப்பது, விலை உயர்ந்த ஷூ வாங்குவது. பல் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. வலிக்கும்வரை அது வாயில் இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. நடு ராத்திரியில் கடைவாய்ப் பல் தெறிக்கும்போதுதான் அஞ்சறைப் பெட்டியில் கிராம்பைத் தேடுகிறோம். இந்த இரண்டு போக்கையும் வீட்டிலும் வெளியிலும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. எப்போதோ ஒருமுறை மூச்சைப் பிடித்துச் செய்வதால் உடம்புக்கும் பல்லுக்கும் பெரிய நன்மை இல்லை. ஒரு நாளில் எதை எத்தனை தடவை செய்கிறோம் என்பதே அவற்றின் கதியைத் தீர்மானிக்கிறது.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு பல் மருத்துவர் என் அத்தையிடம் கேட்ட கேள்வி. அத்தைக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது, இரண்டு பல் ஆடுகிறது என்று அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் இளம் பெண். கண்ணாடிக் குச்சியை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். கேட்பதற்கு முன்பே அத்தை முந்திக்கொண்டாள்: “சீனி ரொம்பக் கம்மியாத்தான் போடுதேன் தாயி. அரைக் கரண்டிதான்.”

“எவ்வளவுங்கிறதை அப்புறம் பார்ப்போம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு உள்ள போகுது? அதைச் சொல்லுங்க.”

அத்தை விரல் விட்டு எண்ணினாள். எழுந்ததும் காபி. 10 மணிக்கு டீயும் ரஸ்க்கும். சாப்பிட்ட கையோடு ஒரு வாழைப்பழம். 4 மணிக்கு மறுபடி காபி. விளக்கேற்றியதும் கொஞ்சம் கற்கண்டு. டிவி முன்னால் இரண்டு பிஸ்கட். படுக்கும்போது சீனி போட்ட பால். எண்ண எண்ண அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் அரைக் கரண்டிதான், ஓரிரு பிஸ்கட்தான். ஆனால் இரண்டாவது கையின் விரல்களும் தேவைப்பட்டுவிட்டன.

அந்தக் கேள்வியின் நியாயம் வாய்க்குள் நடக்கும் வேலையில் இருக்கிறது. பல்லின் மேலிருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உயிருள்ள செல் எதுவும் அதில் கிடையாது. தோலில் காயம் பட்டால் ஆறும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் உடைந்து குழி விழுந்தால் மறுபடி வளராது. பல்லின்மேல் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. சில நிமிடங்களிலேயே அமிலத்தன்மை ஏறி, பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. அதை மீட்பது உமிழ்நீர். அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன தாதுவில் ஒரு பங்கைத் திரும்பவும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி நேரமாவது ஆகும், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட.

ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு லட்டு தின்றவனுக்குப் பல் கரைவது ஒரு தடவை. அதே இரண்டு லட்டைக் கிள்ளிக் கிள்ளி நாள் முழுக்கத் தின்றவனுக்கு ஒவ்வொரு கிள்ளலுக்கும் ஒரு தடவை. உமிழ்நீர் தன் வேலையை முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது.

ஸ்வீடனில் லுண்ட் நகருக்குப் பக்கத்தில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விபெஹோல்ம் என்ற காப்பகத்தில் 1940-களின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டுக்கு இடையிடையே பல்லில் ஒட்டும் டாஃபி கொடுத்தார்கள். டாஃபி தின்றவர்களின் பற்கள்தான் பெரிய அளவில் சொத்தையாயின. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. இன்று அப்படியொரு ஆய்வை எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அவர்கள் கொடுத்த விலைக்காகவாவது அந்தப் பாடத்தை நாம் மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கையால் சாப்பிட்டோம், எழுந்து போய்க் கை கழுவினோம், கழுவும்போதே வாய் கொப்பளித்தோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மூன்று வேளையும் வாய் சுத்தமானது. இப்போது ஸ்பூனால் சாப்பிட்டு டிஷ்யூவில் துடைத்துக்கொண்டு எழுகிறோம். டீக்கும் பிஸ்கட்டுக்கும் யாரும் கொப்பளிப்பதே இல்லை. ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துச் சுழற்றித் துப்ப அரை நிமிடம்கூட ஆகாது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டாவது, இடையில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய் என்று சர்க்கரை சேராததாக எடுத்துக்கொள்வது. மூன்றாவது, கைக்குழந்தைக்குச் சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கப் பழக்காமல் இருப்பது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். முன்பற்கள் முளைத்த சூட்டிலேயே கறுத்துப்போன குழந்தைகள் பலருக்கு அந்தப் புட்டிதான் காரணம்.

தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், காலை, ராத்திரி இரண்டு வேளையில் ராத்திரி பல் துலக்குவதுதான் முக்கியமானது. நாமோ காலையில் மட்டும் துலக்கப் பழகியவர்கள். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்த சமூகம் நம்முடையது. குச்சியை மென்று நாராக்கித் தேய்த்தவர்களுக்கு அதில் பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உமிச் சாம்பல், செங்கல் தூள், அடுப்புக்கரி, உப்பு என்று பரபரவென்று தேய்த்ததில் தேய்ந்துபோன பற்களும் உண்டு. இன்று கெட்டி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ரம்பம் இழுப்பதுபோல் இழுப்பவர்களுக்கும் அதே கதிதான். ஈறுக்கு மேலே பல்லின் கழுத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகாமல் ஒரு பள்ளத்தில் நகம் மாட்டினால் அது பெரும்பாலும் முரட்டுத் தேய்ப்பின் தடம். அந்த இடத்தில் உள்ளடுக்கு வெளியே தெரிவதால்தான் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது.

மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் இதமாகச் சின்னச் சின்ன வட்டங்கள். இவ்வளவுதான். எச்சிலைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் படுத்தால் பற்பசையில் இருக்கும் ஃபுளூரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்கிவிடாமல் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபுளூரைடிலும் அளவு உண்டு என்பதைத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் அது மிகுந்து, பல்லில் பழுப்புத் திட்டு விழுந்து, எலும்பும் விறைத்துப்போன ஊர்கள் அங்கே உண்டு. காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதற்கு முதன்மையான காரணமே அதுதான்.

சொத்தை கண்ணுக்குத் தெரியும். ஈறு நோய் ஓசைப்படாமல் வேலை செய்யும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியர், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிக் கவனித்தார். 1965-இல் வெளியான அந்த ஆய்வில், 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆவதற்குள் ஈறு பழையபடி ஆனது. துலக்கினால் ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தையும் அதைத்தான் செய்திருந்தாள். தொடாமல் விட்டதால்தான் அங்கே ரத்தம் வந்தது.

அதே லோ 1970-இல் இலங்கை மலையகத்துக்குப் போனார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த 480 ஆண்களின் வாயை அவரும் அவர் குழுவினரும் 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பிரஷ் பிடித்துப் பழகாதவர்கள், பல் மருத்துவரிடம் போக வழியில்லாதவர்கள். சொத்தை அவர்களுக்கு அநேகமாக இல்லவே இல்லை. ஆனால் ஈறு விளிம்பில் படிந்த அழுக்கு காரையாக இறுகி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அரித்தது. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் விரைவாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மெல்ல மெல்லப் பரவியது. 11 சதவீதம் பேர் மட்டுமே வெறும் ஈறு அழற்சியோடு தப்பினார்கள். உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அந்த எண்கள் கொழுந்துக் காட்டில் உழைத்த நம் மனிதர்களின் வாயிலிருந்து எடுத்தவை. ஒரு பிரஷ்ஷும் ஆண்டுக்கொரு தடவை காரை எடுக்கும் வசதியும் கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் முதுமைவரை சொந்தப் பல்லால் மென்றிருப்பார்கள். அதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இன்று எளிதாக அதைச் செய்துகொள்ள முடிந்தவர்கள் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போது அந்த ஆற்றாமை இன்னும் கூடுகிறது.

ஈறிலிருந்து உடம்புக்குப் போகும் வழி மிகக் குறுகியது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர அடம் பிடிக்கும். ஒன்று மற்றொன்றை ஊட்டி வளர்க்கும். அதனால்தான் அந்த மருத்துவர் பல் சுத்தம் பற்றிப் பேசி முடித்ததும், “நடக்கிறீங்களாம்மா?” என்று அத்தையைக் கேட்டார். பல் டாக்டருக்கு நடையோடு என்ன வேலை என்று அத்தைக்கு ஆச்சரியம். எனக்கோ, இரண்டையும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகளாகப் பார்த்தது மிகவும் சரியாகப் பட்டது.

நடையிலும் எண்ணிக்கைதான் பேசுகிறது. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்குக் கணிசமாகக் குறைவாக வந்தது, வந்தாலும் தாமதமாகவே வந்தது. அவர்களில் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படியேறவில்லை. வேலை அவர்களை ஏற வைத்தது.

நம் வீட்டு வேலையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆட்டுக்கல், அம்மி, கிணற்றடி, துவைகல். அந்தப் பாடு திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அதில் பெண்களின் இடுப்பு ஒடிந்தது. ஆனால் மிக்ஸியும் மோட்டாரும் மிச்சப்படுத்திய அசைவை நாம் வேறெங்கும் செலவழிக்கவில்லை என்பதுதான் கவலை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி நடக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150 என்றதும் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் கொஞ்சம் எட்டி நடந்தால் வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிவிடுகிறது. அந்த நடைக்குத் தனிப் பலனும் உண்டு. வேலை செய்யும் தசை, ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். தசைக்கு ஜிம் கிடைக்காதவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முடிந்தவரை கை ஊன்றாமல் எழுந்து பார்க்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம்.

புதிய பழக்கம் தனியாக நிற்காது. ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு சேர்த்துக் கட்டினால்தான் தங்கும். அத்தைக்கு நாங்கள் அப்படித்தான் செய்துகொடுத்தோம். கற்கண்டும் பாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிட்டன. 10 மணி டீயில் சீனி போயிற்று. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தெருமுனை வரை நடை, நடந்து வந்ததும் பிரஷ், பிரஷ் வைத்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. பல் துலக்கும் அந்த இரண்டு நிமிடமும் ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவாள். காரை எடுத்துச் சுத்தம் செய்து சில வாரங்கள் ஆனதும் ரத்தம் வருவது நின்றது. ஆடிய பல்லில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது, மற்றதைக் காப்பாற்ற முடிந்தது.

இதற்கெல்லாம் பெரிய மனோதிடம் வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனோதிடம் எல்லாருக்கும் எல்லா நாளும் இருப்பதில்லை. களைத்து வீடு திரும்பும் ஒரு மனிதரால்கூடச் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் ஒரு பழக்கம் தினமும் நடக்கும். ஆகவே வீட்டில் ஒருவருக்கொருவர் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொள்வோம். “எவ்வளவு தூரம் நடந்தே?” என்பதைவிட, “இன்னைக்கு எத்தனை தடவை எழுந்து நடந்தே?” என்று கேட்பது மேல். “எவ்வளவு சீனி?” என்பதோடு “எத்தனை தடவை?” என்றும் சேர்த்துக் கேட்போம். முதலில் நம்மிடமே கேட்டு, விரல் விட்டு எண்ணி, தின்பதில் ஒன்றைக் குறைத்து நடப்பதில் ஒன்றைக் கூட்டுவோம். அது பழகிய பிறகு அடுத்த ஒன்று. நாளை காலைவரை காத்திருக்க அவசியமே இல்லை, ஏனென்றால் இரண்டில் முக்கியமான பிரஷ் ராத்திரிப் பிரஷ்தான்.