அம்பில்லாமல் விட்ட நாண்

குறுக்குவில்லில் அம்பை வைக்காமலே விசையை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? 'டமார்' என்று ஒரு சத்தம் வரும். ஆசாமி முதலில் நாலு பக்கமும் பார்ப்பார். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதியானதும் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதுவும் உடைந்து தொங்கவில்லை. ஒரு பெருமூச்சு. உடனே நாணை மறுபடி ஏற்றக் கை போகும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தத்தான் இந்தக் கட்டுரை.

(காமர்ஸ் வகுப்பில் இருப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று அவசரப்பட வேண்டாம். கடைசியில் பழைய கார் வியாபாரம் வருகிறது!)

இதற்கு 'ட்ரை ஃபயர்' என்று பெயர். குறுக்குவில் என்றதும் கோட்டை, குதிரை, கவசம் போட்ட வீரன் எல்லாம் ஞாபகம் வரும். ஆனால் இன்று அது அதிகம் புழங்குவது அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம்தான். ஒரு காலத்தில் பல மாநிலங்களில் உடல் ஊனமுற்றவர்களுக்கு மட்டும்தான் வில்வேட்டைப் பருவத்தில் இதற்கு அனுமதி. பென்சில்வேனியா 2009-லும் விஸ்கான்சின் 2014-லும் எல்லா வேட்டைக்காரர்களுக்கும் திறந்துவிட்டன. வருடக்கணக்கில் கைவில்லில் பழகாதவர்களும் ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ட்ரை ஃபயருக்கும் பாதிக் காரணம் அதுதான். கற்றுக்கொள்வது சுலபமாக இருப்பதால், மறந்துபோவதும் சுலபமாகிவிடுகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 150 முதல் 200 பவுண்டு வரை இழுவிசை உள்ள வில்கள் இன்று சாதாரணம். 26 கிராம் எடையுள்ள ஒரு அம்பை நொடிக்கு 107 மீட்டர் வேகத்தில் அனுப்புகிற வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 385 கிலோமீட்டர்! அந்த அம்பு எடுத்துக்கொண்டு போகும் ஆற்றல் ஏறக்குறைய 148 ஜூல். 15 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தொப்பென்று போட்டால் வருகிற அடிக்குச் சமம். அம்பு இருந்தால் அந்த அடியை அது சுமந்துகொண்டு பறந்துவிடும். இல்லாவிட்டால்? மூட்டை வில்லின் மேலேயே விழுகிறது. வில்லின் இரண்டு கைகள், அவற்றின் நுனியில் இருக்கும் கேம் சக்கரங்கள், அச்சு, நாண், கேபிள் எல்லாம் சேர்ந்து கண் இமைக்கும் நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வில்லைச் செய்தவர்கள் அதற்காகச் செய்யவில்லை.

மிகவும் எடை குறைந்த அம்பைப் போட்டாலும் இதே கதைதான், கொஞ்சம் சிறிய அளவில். அதனால்தான் கையேட்டில் குறைந்தபட்ச அம்பு எடை என்று ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். வேகம் கூடும் என்ற ஆசையில் அந்த எண்ணை மீறுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அரை ட்ரை ஃபயர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

தெரிந்தே யாரும் செய்வதில்லை. விருந்தினருக்குக் காட்டும்போது விசையில் விரல் பட்டுவிடும். மரத்தில் கட்டிய பரணில் வில்லைக் கீழ்நோக்கிச் சாய்க்கும்போது அம்பு முன்னால் நழுவியிருக்கும், இருட்டில் தெரியாது. அம்பின் பின்முனை அந்த வில்லுக்கு ஏற்றதாக இல்லாமல் நாண் அதன் மேலே ஏறிப் போய்விடும். பல மாடல்களில் ஏற்றிய நாணைக் கையால் இறக்கவே முடியாது. மாலையில் வீடு திரும்பும்போது ஒரு பழைய அம்பை மண்ணிலோ இலக்கிலோ எய்துதான் இறக்க வேண்டும். (கைப்பிடியைப் பின்னால் சுற்றி இறக்குகிற புது மாடல்களும் வந்துவிட்டன.) களைப்பில் அந்தப் பழைய அம்பை வைக்க மறந்து விசையை மட்டும் இழுப்பதும் உண்டு.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது என்ன?

முதல் வேலை, நாணை ஏற்றாமல் இருப்பது. இதைத்தான் பலரால் கடைப்பிடிக்க முடிவதில்லை. "ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பதுதான் மனதில் வருகிற முதல் யோசனை. நாணை ஏற்றும்போது மனிதன் எப்படி நிற்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கால் முன்வளையத்தில். முதுகு வளைந்து முகம் வில்லுக்கு நேர் மேலே. இரண்டு கைகளும் கயிற்றில். விரிசல் விட்ட ஒரு கை உடைய வேண்டும் என்று முடிவு செய்தால், அது பெரும்பாலும் முழு அழுத்தம் ஏறுகிற அந்த நேரத்தில்தான் உடையும். ட்ரை ஃபயரின்போது யாருக்கும் அடிபடாமல் இருந்திருக்கலாம். ஆபத்தானது அதற்கு அடுத்த ஏற்றம்.

இரண்டாவது வேலை பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் அது ஒரு கோடாகத் தெரியும்.

கைகளிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. இவை கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்தவை. இரும்பாக இருந்தால் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பொருள் அப்படி இல்லை. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது, செலவு சில காசுகள்தான். பஞ்சு. ஒரு உருண்டைப் பஞ்சை எடுத்துக் கையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முக்கியமாக இரண்டு ஓரங்களிலும் மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்காவது இழை பிரிந்திருந்தால் பஞ்சு சிக்கி ஒரு நார் அங்கேயே நிற்கும். வெறும் விரலால் தடவக் கூடாது. கண்ணாடி இழைச் சிராய் தோலுக்குள் போனால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நுனியில் அச்சு நுழையும் இடத்தையும், கை போய் உடலோடு சேர்கிற பொருத்தையும் இரண்டு தடவை பார்ப்பது நல்லது. அழுத்தம் குவிகிற இடங்கள் அவை. பெயின்டில் வெள்ளையாக ஒரு சுருக்கம் தெரிந்தால் 'கீறல்தானே' என்று விட்டுவிடக் கூடாது.

பிறகு சக்கரங்கள். வில்லை முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கின்றனவா, ஒன்று மட்டும் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். நாண் ஓடுகிற பள்ளத்தில் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஓட்டிப் பார்த்தால் பிசிறு தட்டும். சின்னப் பிசிறுதான், ஆனால் அது ஒவ்வொரு தடவையும் நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டிருக்கும். அச்சின் முனையில் இருக்கிற சின்ன கிளிப் தெறித்துப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நாணிலும் கேபிளிலும் அறுந்த இழை, நடுவில் சுற்றியிருக்கும் நூல் விலகிய இடம், முனைக் கண்ணிகள் இவற்றைப் பார்த்தால் போதும். இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். ஒரு அச்சிலிருந்து இன்னொரு அச்சு வரை உள்ள தூரத்தை அளந்து கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் ஏதாவது இடம் மாறியிருப்பது தெரியும். அம்பு ஓடும் தடம், முன்வளையம், திருகுகள், டெலஸ்கோப்பின் பிடி எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது. இனி ஏற்றலாமா? கூடாது. இவ்வளவு பார்த்ததும் கடைக்குப் போகாமல் இருப்பதற்கு அனுமதிச்சீட்டு இல்லை. வீட்டில் பார்க்கிற சோதனையால் 'கெட்டுவிட்டது' என்று சொல்ல முடியும். 'நன்றாக இருக்கிறது' என்று சொல்ல முடியாது. சக்கரம் வைத்த வில்லில் நாண் ஏறாதபோதும் கைகள் ஓரளவு வளைந்து அழுத்தத்தோடுதான் இருக்கின்றன. அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஸ் இல்லாமல் திருகைக் கழற்றினால் அதுவே தனி விபத்து. கடையில் பிரஸ்ஸில் மாட்டி, நாணைக் கழற்றி, மறைந்திருந்த பகுதிகளையும் பார்ப்பார்கள். கனடாவின் எக்ஸ்காலிபர் செய்வது போன்ற சக்கரமில்லாத வில்களில் ஓடுகிற பாகங்கள் குறைவு, நாணை மாற்றுவதும் சுலபம். ஆனாலும் கைகளுக்கு அதே பஞ்சு, அதே சந்தேகம்.

இங்கே ஒரு கிளைக்கதை. இப்போது வருகிற பல வில்களில் அம்பு இல்லாவிட்டால் நாணைப் பாதியிலேயே பிடித்து நிறுத்துகிற ஒரு தடுப்புக் கொக்கி உண்டு. விசையை இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், நாண் கொஞ்சம் முன்னால் போய் நின்றுவிடும். பாதிப்பு அநேகமாக இருக்காது. ஆனால் நாண் இப்போது வழக்கமான பூட்டில் இல்லை, அந்தத் தடுப்புக் கொக்கியில் தொங்குகிறது. கயிற்றால் மறுபடி முழுதாகப் பின்னால் இழுத்துப் பூட்டில் மாட்டி, சேஃப்டி விழுந்ததா என்று பார்த்து, சரியான அம்பை வைத்து இலக்கில் எய்து இறக்க வேண்டும். விரல் விட்டு நோண்டுகிறவர்களுக்கு விரல் மிஞ்சாது. பிறகு அந்தக் கொக்கியையும் கடையில் ஒருமுறை காட்டுவது நல்லது.

இப்போது பழைய கார். :)

ட்ரை ஃபயரால் வந்த சேதத்துக்குத் தயாரிப்பாளர்களின் வாரண்டி பொதுவாகச் செல்லாது. உபயோகித்தவரின் தவறு என்று எழுதிவைத்திருப்பார்கள். நியாயம்தான். ஆனால் அதன் பக்கவிளைவைப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் கைக்காசு செலவாகும், சொல்லாவிட்டால் ஆகாது. கடையில் போய் "சும்மா இருந்தது, தானாக விரிசல் விட்டது" என்பார்கள். அல்லது கடைக்கே போகாமல் பரணில் போட்டுவைத்து, அடுத்த வருடம் "லேசாக உபயோகித்தது" என்று விற்றுவிடுவார்கள்.

ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-ல் எழுதிய 'எலுமிச்சைச் சந்தை' கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஓட்டைக் காரைத்தான் அமெரிக்காவில் எலுமிச்சை என்பார்கள். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைந்த விலைதான் கேட்பார், நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்குவார், சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். 2001-ல் நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரும் அவரோடு பங்கிட்டுக்கொண்டார்கள். தேர்வுக்கு ஐந்து மார்க் கேள்வியாக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். ஓட்டைக் காரை வாங்கியவருக்குப் பெரும்பாலும் பணம்தான் போகும். ட்ரை ஃபயர் ஆன வில்லை வாங்கியவர் அதன் மேல் குனிந்து முகத்தை வைத்துக்கொண்டு நாணை இழுக்கப் போகிறார். விற்றவர் அப்போது அந்த இடத்தில் இருக்கப் போவதில்லை.

ஆகவே பழைய வில் வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு போகலாம். பழைய வில்லில் நாண் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்கலாம். காலம் முடிந்து மாற்றியிருந்தால் தேதியும் கடையும் உடனே வந்துவிடும். "இதை ஒரு கடையில் பிரஸ்ஸில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் சரி என்று கூடவே கிளம்பி வருவார். "அதெல்லாம் எதுக்கு, இதோ ஏற்றிக் காட்டுகிறேன்" என்று ஒருவர் வில்லைக் காலுக்கடியில் வைத்தால், பத்தடி பின்னால் நகர்ந்து நிற்கவும்.