வால் முதலில் வரவேண்டும்

கமிஷிபாய் பழக வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது படம் வரைவதை அல்ல, படத்தை இழுப்பதை. மரச்சட்டம் ஒன்றுக்குள் மட்டைகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் இழுத்து எடுத்தபடி கதை சொல்கிற யப்பானியக் கலை அது. பார்க்கிற பிள்ளையின் இடக்கைப் பக்கமாக மட்டை வெளியே போகும். அதனால் பின்னால் இருக்கிற படத்தின் வலது ஓரம்தான் முதலில் கண்ணில் படும். இதை மனத்தில் வைத்துத்தான் வரையவே தொடங்க வேண்டும்.

தண்ணீரூற்றில் தரம் 3 பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை ஒன்றில் வயலுக்குள் யானை வருகிறது. யானையை இடப்பக்கம் பார்க்க வரைந்தேன். அப்போதுதான் வால் முதலில் வரும். நாலு விரல் அகலத்துக்கு இழுத்துவிட்டு நிற்பேன். “கயிறு ரீச்சர்!” “இல்லை, சாரைப் பாம்பு!” இன்னும் கொஞ்சம் இழுத்தால் பின்னங்கால் தெரியும். வயற்காவலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, “அது யானையடா” என்று பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லும். அதற்குப் பிறகு ஒரு நொடியும் பிந்தக்கூடாது. மீதி யானையை ஒரே இழுவையில் வெளியே விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும்புகிற சத்தத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

யப்பானிய அரசு வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் புலமைப்பரிசில் தருகிறது. ஏறத்தாழ ஒன்றரை வருடம். முதல் ஆறு மாதமளவில் மொழி, பிறகு பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடங்களும். அதில்தான் போனேன். புறப்படுமுன் நான் தேடி வாசித்தது மனோன்மணி சண்முகதாஸ் தமிழாக்கிய, மன்யோசு என்ற பழைய யப்பானியத் தொகுப்பின் காதற் பாடல்களை. அவரும் பேராசிரியர் அ. சண்முகதாசும் யாழ்ப்பாணத்திலிருந்து ரோக்கியோ போய், மொழியியல் அறிஞர் ஓனோ சுசுமுவோடு சேர்ந்து தமிழ்–யப்பானிய மொழி உறவை ஆராய்ந்தவர்கள். அந்த உறவை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. எனக்கு அந்த வாதத்தைவிட, நம்மவர் இருவர் அங்கே இருந்து, அந்த மக்களின் பழம்பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டு வந்தார்கள் என்பதே பெரிது.

நான் கேட்டது பழம்பாட்டை அல்ல. சின்னப் பிள்ளைகளின் பாட்டு, காட்டூன், பகிடிகளைத்தான். மத்தியானச் சாப்பாட்டை வெள்ளைத் தொப்பியும் மேலாடையும் போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள். கறிச்சோறு வருகிற நாளில் வகுப்பே என்னைப் பார்க்கும். இலங்கைக்காரிக்கு இது உறைக்குதோ என்று தெரிய வேண்டும் அவர்களுக்கு. அந்தக் கறி கொஞ்சம் இனிக்கும். நான் கரண்டி கரண்டியாகச் சாப்பிட, அவர்கள் கைதட்டுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் தும்புத்தடி, துணியோடு எல்லாரும் வகுப்பைத் துடைப்பார்கள். நானும் முழங்காலில் நின்று துடைத்தபடி டொரேமொன் பாட்டைப் பாடக் கற்றுக்கொண்டேன்.

கமிஷிபாயைக் கண்டது ஒரு பொது நூலகத்தில். கதைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கமிஷிபாய்த் தொகுதிகளும் இரவலுக்கு அடுக்கியிருந்தன. எட்டு, பன்னிரண்டு, பதினாறு மட்டை என்று கதைக்கேற்ற அளவு. மட்டை ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் அகலம், 27 சென்ரிமீற்றர் உயரம். முதற்படத்துக்கான பேச்சு கடைசி மட்டையின் முதுகில் எழுதியிருக்கும். முன்மட்டையை இழுத்துப் பின்னால் செருகும்போது அதன் முதுகில் இருப்பது அடுத்த படத்துக்கான பேச்சு. எவ்வளவு எளிமை, எவ்வளவு கெட்டித்தனம்!

1930 அளவில் ரோக்கியோத் தெருக்களில் இது தொடங்கியது. உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் சைக்கிளின் பின்னால் சட்டத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். கதைக்குக் காசில்லை, இனிப்பு வாங்க வேண்டும், வாங்கியவருக்கு முன்வரிசை. கதையைச் சரியான இடத்தில் அறுத்துவிட்டு நாளைக்கு வரச் சொல்வார்கள். 1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது சனம் அதை மின்சாரக் கமிஷிபாய் என்றே அழைத்தது. தெருவில் அந்தக் கலை மெல்ல ஓய்ந்தது. ஆனால் அதை வரைந்த கைகள் மங்காவுக்குப் போயின.

அப்படிப் போனவர்களில் மிசுகி ஷிகெருவை எனக்கு மிகவும் பிடிக்கும். போரில் இடக்கையை இழந்தவர். மிஞ்சிய வலக்கையால் கமிஷிபாய் வரைந்து பிழைத்து, பிறகு கிதாரோ என்ற பேய்ப்பையனின் கதைகளால் நாடு முழுக்கப் பேர் பெற்றார். அவர் வளர்ந்த சகாய்மினாத்தோவுக்கு ஒரு விடுமுறையில் போனேன். ரயில் பெட்டியெல்லாம் கிதாரோவின் படங்கள். வழியிலுள்ள நிலையங்களுக்குப் பேய்களின் பட்டப்பெயர்கள். நகரத்தில் இறங்கினால் தெரு நெடுக வெண்கலப் பேய்கள். பிள்ளைகள் ஓடிப்போய் அவற்றின் மொட்டைத் தலையைத் தடவுகிறார்கள். கொத்தியையும் முனியையும் சொல்லிச் சோறு தீத்தப்பட்டு வளர்ந்தவள் நான். அந்தத் தெருவில் எனக்கு ஒரு அந்நியமும் தெரியவில்லை. கை போனவர்களும் கால் போனவர்களும் பிள்ளை வளர்த்து, கமம் செய்து வாழ்கிற ஊரிலிருந்து போனவளுக்கு அந்த மனிதர் வரைந்த ஒவ்வொரு கோடும் வேறு மாதிரித்தான் தெரிந்தது.

ஊருக்கு வந்து முதலில் செய்வித்தது சட்டம். மூன்று கதவுகள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கும்போதே பிள்ளைகள் திரை விலகக் காத்திருக்கிற கோயிற்சனம்போல அடங்கிவிடுவார்கள். தட்டுகிற கட்டைக்குப் பழைய கதவுநிலை ஒன்றிலிருந்து முதிரைத் துண்டு கிடைத்தது. கிண்ணென்ற சத்தம். மட்டைதான் தொல்லை. பிறிஸ்டல் மட்டை மாரியில் ஈரம் இழுத்து வளையும், வளைந்தால் சட்டத்துக்குள் சிக்கும். இரண்டு மட்டையை ஒட்டி, மேலே பாரம் வைத்துக் காயவிட்டால் நிமிர்ந்து நிற்கிறது. நுணுக்கமாக வரைவதிலும் பயனில்லை. கடைசி வாங்கிலிருக்கிற பிள்ளைக்குத் தெரியவேண்டுமென்றால் தடித்த கறுப்புக் கோடும் சில நிறங்களும் போதும்.

குரலுக்கு மட்டும் நான் யப்பானிடம் போகவில்லை. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடுகிற ஊர். வரவு பாடும்போதே வரப்போகிறவர் ராசாவா சேவகனா என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். அதே வேலையை இழுப்பதற்கு முந்திய வசனம் செய்யவேண்டும். பேராசையுள்ள முதலாளி ஒருவர் வருகிற கதையில், மட்டையில் கை வைக்குமுன்னே அவருடைய இருமலை இருமிவிடுவேன். கூத்தை நடத்துகிற அண்ணாவியாரின் கண்ணும் ஆடுகிறவனின் காலில்தான் இருக்கும், தன் தாளத்தில் அல்ல. சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, முகத்தை மறைக்காமல், நானும் பிள்ளைகளைப் பார்த்தபடிதான் இழுக்கிறேன். ரிவியும் போனும் செய்ய முடியாதது இது ஒன்றுதான்: எதிரே இருப்பவன் எச்சில் விழுங்குமட்டும் காத்திருப்பது.

யப்பானியப் படைப்பாளி மட்சுய் நொரிகோ 1983இல் செய்த கமிஷிபாய் ஒன்றில், படத்திலிருக்கிற பொருள் பெரிதாக வேண்டுமென்றால் பார்க்கிற பிள்ளைகளும் சேர்ந்து சொல்லவேண்டும். அந்த முறையில் நான் ஒரு பூசணிக்காய் செய்தேன். அதற்குப் பிறகு தரம் 5 பிள்ளைகள் தாங்களே வரையத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அவர்கள் சின்ன வகுப்புகளுக்குக் கதை சொல்லப் போகிறார்கள். ஒருத்தி வாசிக்க ஒருவன் இழுக்கிறான். அவன் அவசரப்பட்டால், “நில்லு, அவை இன்னும் பாக்கினம்” என்று அவள் கையைப் பிடிக்கிறாள்.

ஒரு சட்டம் காணாது. குமுழமுனைப் பக்கம் படிப்பிக்கிற அக்கா ஒருவரும் கேட்டிருக்கிறா. இரண்டாவதுக்குப் பலகை அறுக்கக் கொடுத்தாயிற்று. இந்த முறை பித்தளைக் கீல்தான். முதற்சட்டத்தின் கீல் துருவேறிக் கிறீச்சிடுகிறது, பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.