மோர்மன் மக்களும் மணச் சட்டமும்

2008ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியா மாநிலத்து மோர்மன் சபைக்கூடங்களில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் முன்னிலையில், சோல்ற் லேக் நகரிலுள்ள தலைமைப்பீடம் அனுப்பிய கடிதம் ஒன்று வாசிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் மாநில உயர் நீதிமன்றம் ஒருபாலார் மணத்துக்கு இடமளித்துத் தீர்ப்பு வழங்கியிருந்தது. ஆணும் பெண்ணும் இணையும் மணமே செல்லுபடியாகும் என அரசியலமைப்பில் எழுதி அத்தீர்ப்பைச் செயலற்றதாக்குவதே 8ஆம் இலக்கப் பிரேரணையின் நோக்கம். அது மக்கள் வாக்கெடுப்பில் வெற்றிபெற விசுவாசிகள் தம் பொருளையும் நேரத்தையும் ஈந்துதவ வேண்டும் என்று கடிதம் கேட்டது.

கலிபோர்னியக் குடிமக்களுள் மோர்மன்கள் ஏறக்குறைய நூற்றுக்கு இருவரே. இத்துணைச் சிறு தொகையினர் ஒரு பெரும் மாநிலத்தின் வாக்கெடுப்பிலே எவ்வாறு கனம் பெற்றனர் என்பதை அறியச் சபையின் அமைப்பை நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் அது வாழும் பகுதிக்குரிய சபையைச் சேரும். விரும்பிய சபையைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் இல்லை. அச்சபையை நடத்தும் ‘பிஷப்’ சம்பளம் பெறும் குருவானவர் அல்லர். பல்வைத்தியராகவோ கணக்காளராகவோ தொழில் செய்துகொண்டு சில ஆண்டுகள் அப்பொறுப்பை ஏற்றிருப்பவர். வருமானத்திற் பத்திலொன்றைத் திருச்சபைக்குக் கொடுத்துப் பழகியோர் இம்மக்கள். இளைஞருட் பலர் இரண்டாண்டுக் காலம் அந்நிய ஊர்களில் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டி மதம் போதித்தவர்கள். வாக்குக் கேட்டு வாசற்படி ஏறுவதற்கு இவர்களை எவரும் புதிதாகப் பயிற்ற வேண்டியிருக்கவில்லை.

இவர்கள் தனித்து நின்றவர்களுமல்லர். சான் பிரான்சிஸ்கோவின் கத்தோலிக்கப் பேராயராக அப்போதிருந்த நீடராவர் முன்னர் சோல்ற் லேக் நகரில் ஆயராகப் பணியாற்றியவர். மோர்மன் தலைவர்களை இம்முயற்சியில் இணையுமாறு கேட்டவர்களுள் அவரும் ஒருவர். ஒரு காலத்தில் மோர்மன்களைக் கிறித்தவரென ஏற்கவும் தயங்கிய சபையினர் இப்பொழுது அவர்தம் உழைப்பை நாடினர் என்பது சுவையான செய்தியே. இரு தரப்பும் செலவிட்ட பணம் 8 கோடி டொலரைத் தாண்டியது. நவம்பர் 4ஆந் திகதி நூற்றுக்கு 52 வாக்குகளுடன் பிரேரணை நிறைவேறியது. அடுத்த நாட்களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் சோல்ற் லேக் நகரிலும் உள்ள மோர்மன் ஆலயங்களின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கண்டனம் முழங்கினர். பணமல்லாத உதவிகள் சிலவற்றைக் காலம் தாழ்த்தி அறிவித்தமைக்காக 2010இல் திருச்சபைக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5,539 டொலர். தொகை அற்பமே, சபைக்கு ஏற்பட்ட இழப்பு அத்தொகையில் அடங்குவதன்று.

ஏனெனில், வீடுகளுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டிருந்தது. ஒருபால் விருப்புடைய மகனையோ மகளையோ பெற்றோர், தம் பிள்ளையின் வாழ்வுக்கு எதிராகப் பொருளும் நேரமும் தருமாறு தம் திருச்சபையே கேட்பதைக் கூடத்தில் அமர்ந்து செவிமடுத்தனர். கொடுத்தால் பிள்ளைக்குத் துரோகம், மறுத்தால் சபைக்குத் துரோகம் என்னும் இக்கட்டு அது. புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் ஸ்ரீவ் யங் என்பவர், திருச்சபையின் இரண்டாந் தலைவரான பிறிகம் யங்கின் வழித்தோன்றல். அவருடைய மனைவி பிரேரணையை எதிர்க்கும் அணிக்கு 50,000 டொலர் வழங்கியதோடு, அவர்கள் வீட்டு முற்றத்தில் எதிர்ப்புப் பலகைகளும் நாட்டப்பட்டன. இங்கு உதைபந்தாட்டம் என்பது அமெரிக்கர் கையாற் பந்தெறிந்து ஆடும் ஆட்டமே.

பிறிகம் யங்கின் பெயர் இவ்விடத்து வருவது பொருள் பொதிந்தது. 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இத்திருச்சபை, 1844இல் அவர் சிறைச்சாலையொன்றில் வெறிக்கும்பலாற் கொல்லப்பட்டபின், யங்கின் தலைமையில் மேற்கே நடந்து 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தது. 1852இல் பலதார மணம் தமது சமயக் கொள்கை என அவர்கள் பகிரங்கமாக அறிவித்தனர். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், மணம் என்றால் யாது என்பதை அமெரிக்க அரசு அவர்களுக்குச் சட்டத்தாற் கற்பித்தது. 1862இல் ஒரு சட்டம், 1882இல் இன்னொன்று, 1887இல் வந்த சட்டமோ திருச்சபையின் சட்ட உருவத்தையே கலைத்து அதன் சொத்துக்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்ததோடு, யூட்டாப் பெண்கள் 1870 முதல் அனுபவித்த வாக்குரிமையையும் பறித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றனர்.

இவ்வரலாற்றின் நடுவே நிற்பது றெயினோல்ட்ஸ் வழக்கு. யங்கின் செயலாளராயிருந்த ஜோர்ஜ் றெயினோல்ட்ஸ், பலதார மணம் தம் சமயக் கடமை என வாதாடினார். அமெரிக்க உயர் நீதிமன்றம் 1879இல் அவ்வாதத்தைத் தள்ளியது. நம்பிக்கையிற் சட்டம் தலையிடாது, செயலிலே தலையிடலாம் என்பது தீர்ப்பின் சாரம். பலதார மணம் வட, மேற்கு ஐரோப்பிய இனத்தவர்க்கு அருவருப்பானது என்றும், மோர்மன்கள் தோன்றும்வரை பெரும்பாலும் ஆசிய, ஆபிரிக்க மக்களுக்கே உரியதாயிருந்தது என்றும் நீதியரசர் எழுதினார். கணவனின் சிதையில் மனைவி உயிர்விடுவதையும் உதாரணமாகக் காட்டினார். ஆசியாவில் இருந்துகொண்டு இத்தீர்ப்பைப் படிப்பவர், மணத்தின் இலக்கணத்தை வகுக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதை எளிதில் உணர்வர். 1890இல் திருச்சபைத் தலைவர் வுட்ரப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1896இல் யூட்டா ஒரு மாநிலமாக ஏற்கப்பட்டது.

இம்முரண்பாடு மோர்மன்களின் கண்ணுக்குப் படாமற்போகவில்லை. யூட்டா உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்து அப்போஸ்தலராக நியமனம் பெற்ற டலின் ஓக்ஸ், 1984இல் சகதலைவர்களுக்கென ஒரு குறிப்பு வரைந்தார். மணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்பதற்கு உயர் நீதிமன்றத்தின் தலையாய ஆதாரம் றெயினோல்ட்ஸ் தீர்ப்பே என்றும், தம்மை ஒடுக்கிய அதே ஆயுதத்தைத் திருச்சபை ஒருபாலார் மணத்துக்கு எதிராக ஏந்துவது நகைமுரணாகும் என்றும் அதில் அவர் சுட்டினார். பகிரங்கத்துக்கென எழுதப்படாத அக்குறிப்பு பின்னரே வெளிவந்தது. ஆயினும் 1993இல் ஹவாய் உயர் நீதிமன்றம் ஒருபாலார் மணத்துக்குச் சாதகமான தீர்ப்பொன்றை அளித்ததும் திருச்சபை களம் இறங்கிற்று. 1995இல் குடும்பம் பற்றிய பிரகடனம் வெளியாயிற்று. 2008 அதன் உச்சம். அடிபட்டவர் கைக்குத் தடி வந்தபோது, பட்ட அடியின் நினைவு அவரைத் தடுத்துவிடும் என எதிர்பார்ப்பது பேதைமை போலும்.

ஆனால் 2008க்குப் பிந்திய கதை நேர்கோடாகச் செல்லவில்லை. 2009இல் சோல்ற் லேக் நகரசபை, வீடு வாடகைக்குக் கொடுப்பதிலும் வேலை வழங்குவதிலும் ஒருபால் விருப்பினரை ஒதுக்கலாகாது என விதி கொணர்ந்தபோது திருச்சபை அதனை ஆதரித்தது. 2015 மார்ச்சில் யூட்டா மாநிலம் முழுவதற்கும் அதையொத்த சட்டம், சமய நிறுவனங்களுக்கு விலக்களித்து, திருச்சபையின் துணையோடு நிறைவேறியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருபாலார் மணத்தை நாடெங்கும் உரிமையாக்கியது. நவம்பரில் திருச்சபை வகுத்த உள்விதியோ வன்மையானது: ஒருபாலாரை மணந்தோர் மதத் துரோகிகள், அவர்தம் பிள்ளைகள் வழமையான எட்டு வயதில் ஞானஸ்நானம் பெறலாகாது, 18 வயது வரை காத்திருக்க வேண்டும். பெரியோர் மணத்துக்கான தண்டத்தைச் சிறுவர் தலையிற் சுமத்திய இவ்விதி விசுவாசிகளையே உலுக்கியது. 2019 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது.

2022 நவம்பரில், ஒருபாலார் மணத்தை மத்திய அரசும் மாநிலங்களும் மதித்தேற்க வேண்டுமென்ற மசோதா செனற் சபைக்கு வந்தது. சமய சுதந்திரத்துக்கான காப்பு வாசகங்களை முன்னிட்டு, தன் மணக் கொள்கை மாறவில்லை என்ற குறிப்போடு, திருச்சபை அதனை வரவேற்று அறிக்கை விட்டது. யூட்டாவின் செனற்றர் இருவரும் மோர்மன்களே. மிற் றொம்னி ஆதரித்து வாக்களித்தார், மைக் லீ எதிர்த்து வாக்களித்தார். 2025இல் திருச்சபைத் தலைமையை ஏற்றவர், முன்னாளில் அந்தக் குறிப்பை வரைந்த ஓக்ஸ். ஒருபாலாரை மணந்த மோர்மன் ஞாயிறு வழிபாட்டுக்குச் சபைக்கூடத்தில் அமரலாம். ஆலயத்தினுட் செல்ல அனுமதி இல்லை. 2022 திசெம்பரில் கையொப்பமான அச்சட்டத்திலே, அதிகம் பேசப்படாத சிறு வாசகம் ஒன்றும் உண்டு: இருவருக்கு மேற்பட்டோர் இணையும் மணத்தை மத்திய அரசு ஏற்பதற்கு இச்சட்டத்தில் இடமில்லை.